கால் எட்டும் உயரம்: ஸ்கூட்டர் சீட்டைத் தாழ்த்துவது பற்றி ஓர் ஆய்வு

இருசக்கர வாகன உரிமத்துக்கான தேர்வில் நம் ஊரில் எட்டு போடச் சொல்வார்கள். வளைந்து வளைந்து ஓட்டும்போது கால் தரையில் படக் கூடாது. பட்டால் இன்னொரு நாள் வர வேண்டியதுதான். என் தங்கை அந்தத் தேர்வில் முதல் தடவையே தேறினாள். அவள் உயரம் 147 செ.மீ.; நாலடி பத்தங்குலம். உரிமம் கைக்கு வந்த மூன்றாம் வாரம் ஒரு சிக்னலில் வண்டியோடு இடப்பக்கம் சாய்ந்து விழுந்தாள். அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. தார்ச்சாலையின் ஓரம் சற்றே பள்ளம். ஊன்ற நீட்டிய நுனிக்காலுக்குத் தரை கிடைக்கவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, பின்னால் நின்றவர்களின் ஹாரன், இரண்டு பேர் ஓடி வந்து வண்டியைத் தூக்கியது என்று ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அதன்பின் நான்கு மாதம் அந்த வண்டி வாசலில் உறை போர்த்தியபடி நின்றது.

ஓட்டுவதற்குக் கால் தேவையில்லை. நிறுத்துவதற்குத்தான் கால் வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். வண்டி நகர்ந்துகொண்டிருக்கும் வரை உயரமானவரும் குள்ளமானவரும் ஒன்றே. வேகம் பூஜ்யத்தைத் தொடும் அந்த இரண்டு நொடியில்தான் வித்தியாசம் வருகிறது. தேர்வில் யாரும் அந்த இரண்டு நொடியைச் சோதிப்பதில்லை. சீட்டைத் தாழ்த்துவது பற்றிய இந்தக் கட்டுரை அந்த இரண்டு நொடியைப் பற்றியது. தங்கைக்காகத் தேடியும் கேட்டும் செய்தும் பார்த்ததை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

எண்கள் சொல்வது

இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 செ.மீ. என்று தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. 145 செ.மீ.க்குக் குறைவானவர்கள் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். ஆகவே என் தங்கை விதிவிலக்கு அல்ல. ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையிலோ மருத்துவமனைச் செவிலியர் வரிசையிலோ அவள் உயரத்தில் சிலரை எப்போதும் பார்க்கலாம்.

ஸ்கூட்டர்களின் சீட் உயரத்தைப் பார்ப்போம். ஸ்கூட்டி ஜெஸ்ட் 760 மி.மீ., ஆக்டிவாவும் ஜூபிடரும் 765 மி.மீ. அளவில், ஸ்கூட்டி பெப் பிளஸ் 768, என்டார்க்கும் ஐக்யூபும் 770, ஆக்சஸ் 773, ஃபேசினோவும் ஏத்தர் ரிஸ்டாவும் 780. மிகத் தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் இடையே இரண்டு செ.மீ.தான். பெண்களுக்கென்று விளம்பரம் செய்த வண்டியும் குடும்ப வண்டி என்று விற்ற வண்டியும் உயரத்தில் ஏறத்தாழ ஒன்றே.

இனி காலின் கணக்கு. கால் பிரியும் இடத்திலிருந்து குதிகால் வரை உள்ள நீளம் பெரும்பாலோருக்கு மொத்த உயரத்தில் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 147 செ.மீ. உயரத்துக்கு அது 66 செ.மீ.; செருப்பைச் சேர்த்தால் 68. வண்டியின் சீட் 76.5 செ.மீ. ஆள் உட்கார்ந்ததும் ஃபோமும் ஷாக் அப்சார்பரும் சற்று அமுங்கி 74 ஆகலாம். அப்படியும் ஆறு செ.மீ. இடைவெளி. குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றினால் மட்டுமே தரை எட்டும். சாலை சமமாக இருந்தால் சமாளிக்கலாம். ஓரத்தில் மூன்று செ.மீ. பள்ளம் இருந்தால் முடியாது.

கால் எட்டாவிட்டால் வண்டியைச் சாய்க்க வேண்டும். ஒரு டிகிரி சாய்த்தால் கால் தரையை நெருங்குவது அரை செ.மீ.கூட இல்லை. நான்கு செ.மீ. போதாதவர் ஒன்பது டிகிரி அளவுக்குச் சாய்த்தாக வேண்டும். அந்தச் சாய்வில் நூற்றுச் சொச்சம் கிலோ வண்டி தன் எடையில் ஏறத்தாழ கால்பங்கை ஒரே காலின் விரல்கள் மீது இறக்குகிறது. பின்னால் குழந்தையோ அரிசி மூட்டையோ இருந்தால் இன்னும் கூடும். நின்ற இடத்தில் விழுவது அதனால்தான். அதைத் துணிச்சல் இல்லாததன் அடையாளமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காட்டலாகில் வராத அகலம்

சீட் உயரம் என்று அச்சிடுவது தரையிலிருந்து சீட்டின் தாழ்ந்த புள்ளி வரை நேர்குத்தாக அளந்தது. நம் கால் நேர்குத்தாக இறங்குவதில்லை. சீட்டின் முன்பகுதியையும் ஃபுட்போர்டையும் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. விலகி ஊன்ற வேண்டியிருந்தால், 74 செ.மீ. உயரத்துக்குக் கால் கடக்க வேண்டிய தூரம் 76.7 செ.மீ. ஆகிறது. விலகலை 15 ஆகக் குறைத்தால் 75.5. உயரத்தைத் தொடாமலே ஒரு செ.மீ.க்கு மேல் மிச்சம்.

ஆகவே 780 மி.மீ. போட்ட ஒல்லியான வண்டி, 765 போட்ட அகலமான வண்டியைவிட ஒருவருக்கு வசதியாக இருக்கலாம். எடையும் இதில் சேரும். பெப் பிளஸ் 93 கிலோ, ஃபேசினோ 99, ஆக்டிவா 106 அளவில். மின்சார வண்டிகளில் ரிஸ்டா 119. உயரம், அகலம், எடை மூன்றையும் ஒன்றாக எடைபோட வேண்டும். ஒற்றை எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

புடவை கட்டியவர்களுக்கு அகலம் இன்னும் முக்கியம். துணி அனுமதிக்கும் அளவுக்குத்தான் கால் விரியும். சுடிதாரில் எட்டும் அதே வண்டி புடவையில் எட்டாமல் போவதை எத்தனையோ ஆசிரியைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காட்டலாக் இந்த விஷயத்தைப் பேசுவதே இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். தனியாக ஓட்டும்போது பின் சீட்டுக்காரரின் கால்மிதியை மடித்து வைக்க வேண்டும். விரிந்திருந்தால் ஊன்றப் போகும் காலின் கெண்டைச் சதையில் இடித்து, காலை இன்னும் வெளியே தள்ளும்.

எவ்வளவு எட்டினால் போதும்?

இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் சீட்டை அளவுக்கு மீறி வெட்டச் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை. நேராக உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதத்தின் முன்பாதியும் ஊன்ற வேண்டும். சற்று ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கத்துப் பாதம் முழுதும் பதிய வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் சிக்னல், நெரிசல், வேகத்தடை எல்லாவற்றையும் சமாளிக்கலாம். முழுப் பாதமும் கட்டாயம் வேண்டிய ஒரே வேலை, உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னுக்குத் தள்ளுவது. அதற்கு இறங்கித் தள்ளுவது என்ற மாற்று உண்டு.

எனவே எதையும் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே இடிக்கும் வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் காலின் நீளம். பிறகு வண்டியில் உட்கார்ந்து, குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை இன்னொருவரைக் கொண்டு அளக்கச் சொல்ல வேண்டும். தங்கைக்கு அகலத்தையும் சேர்த்து எட்டு செ.மீ. வந்தது. அதை மூன்றாகக் குறைத்தால் போதும் என்று முடிவு செய்தோம். ஐந்து செ.மீ. வேண்டும். அதை ஒரே இடத்திலிருந்து எடுப்பது தவறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடங்களிலிருந்து சேர்ப்பதே சரி.

முதல் வழி: எதையும் வெட்டாமல்

முதலில் காலணி. ஒன்றரை செ.மீ. கூடுதல் தடிமன் உள்ள, அடிப்பாகம் தட்டையான, பின்வார் போட்ட செருப்போ ஷூவோ சீட்டில் ஒன்றரை செ.மீ. வெட்டியதற்குச் சமம். ஹீல்ஸ் இதற்கு உதவாது. குதிகால் தரையைத் தொடாத நிலையில் அதன் உயரம் பயனற்றது. ஊன்றுவது முன்பாதம், அங்கேதான் தடிமன் வேண்டும். கழன்று போகும் ரப்பர் செருப்பு மழைக்காலத்தில் ஆபத்து.

அடுத்து ஷாக் அப்சார்பர். சில ஸ்கூட்டர்களில் பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மூன்று படிகளில் மாற்றலாம். முன்பு யாராவது இருவர் போவதற்காக இறுக்கி வைத்திருந்தால், தனியாக ஓட்டும் ஐம்பது கிலோ ஆளுக்கு வண்டி அமுங்கவே அமுங்காது. மிகத் தளர்ந்த படிக்கு மாற்றினால் அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. கிடைக்கும். மெக்கானிக்கிடம் கொக்கி ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. அதன்பின் பின்னால் ஆள் ஏற்றினால் மீண்டும் இறுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது பழக்கம். நிற்கப் போகும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பது. பெரும்பாலான சாலைகள் தண்ணீர் வடிய நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும். இடப்பக்கம் ஓரமாக நிற்கும்போது இடக்காலுக்குத் தரை இன்னும் தள்ளிப் போகிறது. என் தங்கை விழுந்தது அப்படித்தான். அங்கே வலக்காலை ஊன்றுவது நல்லது. அல்லது பிளாட்பாரத்தின் விளிம்புக் கல்லை ஒட்டி நிறுத்தி இடக்காலை அதன்மேல் வைக்கலாம். நிற்பதற்கு முன்பே சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, ஒரு பக்கமாக இடுப்பை இறக்கி, ஒரே காலை முழுதாக ஊன்ற வேண்டும். இரண்டு காலையும் ஒரே சமயம் தேடினால் இரண்டும் பாதிதான் எட்டும். வண்டி முழுதாக நிற்கும் கணத்தில் ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். திருப்பியபடி பிரேக் பிடித்தால் திருப்பிய பக்கம் வண்டி சாயும்.

ஓட்டக் கற்றுத்தரும் இடங்களில் வண்டி போவதைத்தான் சொல்லித் தருகிறார்கள். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் நிற்பதை மட்டும் பழகினால், பாதிப் பயம் போய்விடும். பத்தடி போ, நில். வலக்கால், இடக்கால், மேடு, பள்ளம் என்று மாற்றி மாற்றிப் பழக வேண்டும்.

கையையும் மறக்கக் கூடாது. உயரம் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் விரல்களும் குட்டையாக இருக்கும். பிரேக் லிவரை எட்டிப் பிடிக்க உள்ளங்கை நழுவினால் நிற்கும் கணம் தடுமாறும். டிரம் பிரேக்கில் கேபிள் நட்டைத் திருகி, லிவரின் தளர்வைச் சரிசெய்தால் பிடிக்கும் இடம் மாறும். சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்து மெக்கானிக்கே செய்யட்டும்.

இரண்டாம் வழி: சீட்டைச் செதுக்குவது

மேலே சொன்னவற்றுக்குப் பிறகும் குறை இருந்தால் சீட்டில் கை வைக்கலாம். சீட் என்பது மூன்று அடுக்கு: கீழே பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் அச்சில் வார்த்த ஃபோம், அதன்மேல் ஸ்டேப்ளர் பின் அடித்து இழுத்துக் கட்டிய ரெக்சின். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து சிற்றூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள ஒற்றை அறைக் குஷன் கடை வரை, இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை தெரிவது வேறு, இந்தத் தேவை புரிவது வேறு. நாம் தெளிவாகச் சொல்லாவிட்டால் அவர்கள் நடுவில் ஒரு பள்ளத்தைத் தோண்டிக் கொடுத்துவிடுவார்கள்.

தங்கையின் முதல் சீட்டுக்கு அதுதான் நடந்தது. ஐந்து செ.மீ. குறைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், ஐந்தையும் ஃபோமிலிருந்தே எடுத்தார்கள். முதல் நாள் கால் அருமையாக எட்டியது. மூன்றாம் நாள் வால் எலும்பு வலித்தது. மிஞ்சிய ஃபோம் அமுங்கி, ஒவ்வொரு வேகத்தடையிலும் உடம்பு நேராகப் பிளாஸ்டிக் தட்டில் இடித்தது. முன்பக்கம் சரிவாக வெட்டியிருந்ததால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் சறுக்கினாள். தவறு கடைக்காரருடையது மட்டும் அல்ல. எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

இரண்டாம் முறை கற்றுக்கொண்ட ஒழுங்கு இது.

ஒன்று: கம்பெனி சீட்டைத் தொடாதீர்கள். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் அதே வண்டியின் பழைய சீட் கிடைக்கும். ரெக்சின் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அதை வெட்டுங்கள். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சீட் முன்பக்கக் கீலில் ஓரிரு நட்டில்தான் நிற்கிறது. கழற்றி மாட்டப் பத்து நிமிடம். வீட்டில் ஒரே வண்டியை அப்பாவும் மகளும் ஓட்டினால் இரண்டு சீட்டும் இருக்கட்டும். தாழ்ந்த சீட்டில் உயரமானவர் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும், திருப்பும்போது அதுவும் ஆபத்தே.

இரண்டு: ஃபோமின் தடிமனை அளங்கள். கோணி ஊசியை மேலிருந்து செங்குத்தாக இறக்கினால் தட்டில் முட்டும். ஊசியில் விரலை வைத்து அடையாளமிட்டு வெளியே எடுத்து அளக்கலாம். உட்காரும் எலும்புகள் படும் இடத்தில் வெட்டிய பிறகும் நான்கு செ.மீ. மிஞ்ச வேண்டும் என்பது நாங்கள் கண்ட எல்லை. அதற்குக் கீழே போனால் வலி நிச்சயம்.

மூன்று: முதலில் பக்கவாட்டில் வெட்டச் சொல்லுங்கள், பிறகு மேலே. தொடை இறங்கும் இடத்தில், சீட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில், இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் செதுக்கி முனையை மழுங்க விட வேண்டும். உட்காரும் இடத்தின் அகலம் குறையக் கூடாது. எடையைத் தாங்குவது அது. இந்தச் செதுக்கலில் உட்காரும் வசதி எதையும் இழக்காமல் ஒரு செ.மீ. முதல் ஒன்றரை செ.மீ. வரை கிடைக்கிறது.

நான்கு: மேலிருந்து எடுப்பது இரண்டரை செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். எடுத்த பிறகு உட்காரும் பரப்பு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் இறங்கினால் சறுக்கும். பின் சீட்டுக்குப் போகும் படி சற்று உயரும். அது முதுகின் அடிப்பாகத்தில் குத்தாமல் வளைவாகச் சேர வேண்டும்.

ஐந்து: வெட்டிய ஃபோமின் உட்பகுதி மேல்தோலைவிட மென்மை. அதன்மேல் ஒரு செ.மீ. கெட்டி ஃபோமை ஒட்டினால் எடை பரவும். துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த அதைக் கடைகளில் ரீபாண்ட் என்பார்கள். அந்த ஒரு செ.மீ.யையும் கணக்கில் சேர்த்து வெட்ட வேண்டும். ஜெல் பட்டை நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. நின்ற வண்டியில் சூடேறினால் சீக்கிரம் ஆறாது.

ஆறு: ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பாலிதீன் தாள் விரிக்க வேண்டும். தையல் துளை வழியே மழைநீர் இறங்கினால் ஃபோம் பஞ்சுபோல் குடித்து, நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ரெக்சின் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால் சறுக்கல் குறையும்.

ஏழு: ரெக்சின் போடுவதற்கு முன், வெட்டிய ஃபோமை வண்டியில் வைத்து, ஓட்டப் போகிறவரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றாடம் போடும் உடையில், அன்றாடம் போடும் செருப்பில். இன்னும் கொஞ்சம் எடுக்கலாம்; எடுத்ததை ஒட்டவைப்பது கடினம். பல கடைகளில் சீட்டை அண்ணனோ கணவனோதான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உட்காரப் போகிற பெண் கடை வாசலுக்கே வருவதில்லை. என் முதல் தவறும் அதுதான்.

இரண்டரை செ.மீ. மேலே, ஒன்று பக்கத்தில், ஒன்றரை செருப்பில். தங்கைக்குத் தேவையான ஐந்து கிடைத்துவிட்டது. சீட் தாழ்ந்ததும் கண்ணின் உயரமும் தாழும். கண்ணாடிகளைத் திருப்பி வைக்காமல் சாலைக்கு இறங்கக் கூடாது.

மூன்றாம் வழி: ஷாக்கைக் குட்டையாக்குவது

குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டால் வண்டியே தாழ்ந்துவிடும் என்று சில இடங்களில் யோசனை சொல்வார்கள். நான் பார்த்தவரை இதில் கிடைப்பதைவிட இழப்பது அதிகம்.

பின்பக்கம் மட்டும் இரண்டரை செ.மீ. இறக்கினால், ஓட்டுபவர் உட்காருமிடம் இரு சக்கரங்களுக்கு நடுவே இருப்பதால், சீட்டில் ஒன்றரை செ.மீ. சொச்சம்தான் இறங்கும். வண்டி ஒரு டிகிரி அளவு பின்னால் சாயும். ஹேண்டில் திரும்புவது மந்தமாகும். முகப்பு விளக்கின் ஒளி மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சென்டர் ஸ்டாண்டு போடும்போது முன்னைவிட அதிக உயரத்துக்கு வண்டியைத் தூக்க வேண்டும். எடை குறைந்தவருக்கு அதுவே பெரும்பாடு. சைடு ஸ்டாண்டு அளவுக்கு மீறி நீளமாகிவிடுவதால் வண்டி போதிய சாய்வின்றி நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். நம் தெருக்களின் வேகத்தடையில் அடிப்பாகம் உரசும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் டயர் உள்பக்க மட்கார்டில் தேயலாம்.

முன்பக்கத்தையும் சேர்த்து இறக்கினால் சாய்வு வராதே என்று கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் ஃபோர்க் குழாய்களை மேலும் கீழும் இரு கவ்விகள் பிடித்திருக்கும். தளர்த்தி மேலே நகர்த்தலாம். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கீழே ஒரே கவ்விதான். நகர்த்த இடமே கிடையாது. சிறிய டயர் போடுவதும் இதே போலத்தான்: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், பள்ளத்தில் சக்கரம் ஆழமாக இறங்கும். இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

சட்டம் எங்கே குறுக்கிடும்?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது இருக்கும். சீட் ஃபோமின் தடிமன் இருக்காது. இருவர் உட்காரும் சீட் இருவர் உட்காரும்படியே இருந்தால், ஃபோமைச் செதுக்குவது ரெக்சின் மாற்றுவது போன்ற பராமரிப்பு வேலையே. சட்டகத்தை வெட்டுவது, பற்றவைப்பது, ஷாக் பொருத்தும் இடத்தை மாற்றுவது ஆகியவை அப்படியல்ல. விபத்து நேர்ந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது அவை கேள்வியாகத் திரும்பி வரலாம்.

இரு பக்கமும் துணைச் சக்கரம் பொருத்துவது தனி விஷயம். கால் ஊன்றவே இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அது விடுதலை. அதை மாற்றியமைத்த வாகனமாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். வளைவில் அந்த வண்டியைச் சாய்க்க முடியாது. ஓட்டும் முறையே வேறு. சில செ.மீ. எட்டவில்லை என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை.

வண்டி செய்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை

1946-ல் இத்தாலியில் கொராடினோ தஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா, காலைத் தூக்கிப் போடாமல் நடுவே புகுந்து உட்காரும் வழியைப் பரவலாக்கியது. பாவாடையும் புடவையும் கட்டியவர்களுக்கு வண்டி கைக்கு எட்டியது அந்த ஒரு மாற்றத்தால். ஏறுவதற்கான தடையை அன்றே நீக்கிவிட்டார்கள். நிற்பதற்கான தடை இன்னும் நீங்கவில்லை.

சீட் ஏன் உயரமாக இருக்கிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. அதன் கீழே எஞ்சின், பெட்ரோல் டேங்க், ஹெல்மெட் வைக்கும் இடம் எல்லாம் அடுக்கியிருக்கின்றன. ஆனால் அந்த அடுக்கு மாற்ற முடியாததல்ல. ஜூபிடர் 125-ல் டேங்க்கை ஃபுட்போர்டுக்குக் கீழே கொண்டுபோய், சீட்டுக்குக் கீழே 33 லிட்டர் இடம் தந்தார்கள். சீட் உயரம் 765 மி.மீ.யாகவே இருந்தது. கிடைத்த இடத்தைப் பொருள் வைக்கக் கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கைக் காலுக்கும் கொடுத்திருக்கலாம்.

நம் உடலின் அளவுகள் தெரியாமல் இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே இந்திய உடலளவுகளைத் தொகுத்து வடிவமைப்பாளர்களுக்கென்று நூலாக வெளியிட்டது. எட்ட வேண்டியதைக் குட்டையானவருக்கு ஏற்பவும், இடிக்கக் கூடாததை நெட்டையானவருக்கு ஏற்பவும் வடிவமைப்பது அந்தத் துறையின் அரிச்சுவடி. தரை என்பது எட்ட வேண்டியது.

சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் சீட்டை 825, 845 மி.மீ. என்று இரு உயரத்தில் வைக்கலாம். இன்னும் தாழ்ந்த சீட்டும் தனியாகக் கிடைக்கிறது. மலைப்பாதைக்குப் போகிறவருக்குச் செய்யத் தெரிந்த இந்த ஏற்பாடு, தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவருக்கும் வேண்டும். 2018 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகத் தந்தது. வண்டி வாங்க அரசு கைகொடுத்தது. அதைத் தரையில் நிறுத்தி வைக்கும் வழியை அவரவரே தேட வேண்டியிருந்தது.

கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் மூன்று செ.மீ. தாழ்ந்த, முன்புறம் ஒடுங்கிய ஒரு சீட்டை உத்தரவாதத்தோடு தனியாக விற்கட்டும். காட்டலாகில் சீட் உயரத்தோடு, ஒரு காலிலிருந்து சீட்டைச் சுற்றி மறுகால் வரை தரைக்குத் தரை உள்ள நீளத்தையும் அச்சிடட்டும். அந்த ஓர் எண்ணில் உயரமும் அகலமும் இரண்டும் அடங்கிவிடும். விற்பனையகத்தில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வாங்க வருபவரைத் தரையில் ஊன்றிப் பார்க்கச் சொல்லட்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்து வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

அதுவரை குஷன் கடைதான் வழி. அதிலும் வரிசை முக்கியம்: செருப்பு, ஸ்பிரிங் படி, பழக்கம், சீட்டின் அகலம், கடைசியாகச் சீட்டின் உயரம். ஷாக்கைக் குட்டையாக்கவும் வேண்டாம், டயரைச் சிறிதாக்கவும் வேண்டாம்.

தங்கையின் வண்டி இப்போது வாசலில் உறை போர்த்தி நிற்பதில்லை. எங்கள் வீட்டு வாசல் தெருவைவிடச் சற்றுத் தாழ்வு. முன்பெல்லாம் காலையில் வண்டியைத் திருப்பி வைக்க அப்பாவைக் கூப்பிடுவாள். போன வாரம் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து வந்தபோது, அவள் சீட்டின் முனையில் உட்கார்ந்து, ஒரு பாதத்தை முழுதாக ஊன்றி, மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளி வண்டியைத் தெருவுக்கே கொண்டுவந்திருந்தாள்.